கலை வரலாறு இளங்கலைப் பாடமாதல்: சென்னையில் ஒரு துறையின் இடமும் மொழியும்

ஆய்வுச்சுருக்கம்

கோயில்களும் செப்புத் திருமேனிகளும் நிறைந்த சென்னையில், கலை வரலாறு முதன்மைப் பாடமாக இளங்கலை வகுப்பிற்குள் தாமதமாகவே நுழைந்தது. நுழைந்தபோதும் ஆங்கிலத்திலேயே நுழைந்தது. எழும்பூர்க் கலைப்பள்ளி, சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை, தமிழ்ப் புலமை மரபு ஆகிய மூன்றும் இத்துறையின் பகுதிகளைத் தனித்தனியே வைத்திருந்தமையை இக்கட்டுரை ஆராய்கிறது. முத்தமிழ் வகைப்பாடு இசைக்குத் தந்த இடத்தைச் சிற்பத்திற்கும் ஓவியத்திற்கும் தரவில்லை என்பதும், கலைச்சொற்கள் மாணவரைச் சென்றடையும் வழி இதனால் அடைபட்டது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கலை வரலாறு, சென்னைக் கலைப்பள்ளி, மயிலை சீனி. வேங்கடசாமி, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, கலைச்சொல், படிமவியல்

முன்னுரை

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்திலிருந்து கதீட்ரல் சாலைக்கு அரைமணி நேரத்திற்குள் நடந்து சென்றுவிடலாம். குளத்தின் கரையில் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரத்தில் நிற்கிறது. கதீட்ரல் சாலையில், நுண்கலையை முதன்மைப் பாடமாகக் கொண்டு பெண்கள் பட்டம் பெறும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி அமைந்துள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சிறிது. ஆனால் கோபுரத்தைப் பற்றித் தமிழில் பேசுவோரின் சொற்களும் வகுப்பறையில் அதே கோபுரத்தைப் பற்றி எழுதப்படும் சொற்களும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதைப் பார்க்கும்போது, அத்தொலைவு வேறொரு வகையில் நீண்டுவிடுகிறது.

ஓர் இளங்கலை மாணவர் கலை வரலாற்றை முதன்மைப் பாடமாகக் கற்கிறார் என்றால் அவர் எதைக் கற்கிறார்? பொருளைப் பார்க்கவும், பார்த்ததைச் சொல்லாக்கவும், சொன்னதைக் காலத்தோடும் இடத்தோடும் பொருத்தவும் கற்கிறார். இம்மூன்று பயிற்சிகளும் சென்னையில் நெடுங்காலமாக உண்டு. அவை ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லை என்பதே சிக்கல். அதற்கான காரணங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தேட வேண்டியுள்ளது.

செனட் இல்லமும் எழும்பூர்ப் பள்ளியும்

சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். 1855இல் அரசு அதனை ஏற்றது. ஓவியம் வரையவும் களிமண்ணை வனையவும் உலோகத்தை வார்க்கவும் கற்பித்து, கைத்தொழிலை வளர்ப்பதே அதன் நோக்கம். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமோ தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. கையால் செய்வது ஒரு பக்கமும் நூலால் அறிவது மறுபக்கமுமாக இரண்டும் தொடக்கத்திலேயே பிரிந்து நின்றன.

இப்பிரிவினையின் முரணைச் சேப்பாக்கத்தில் இன்றும் காணலாம். பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். அது 1874க்கும் 1879க்கும் இடையில் கட்டப்பட்டது. கட்டடப் பணி நடந்துகொண்டிருந்த 1877இல் அவரே கலைப்பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். பல்கலைக்கழகத்திற்கு முகம் கொடுத்தவர் கலைப்பள்ளித் தலைவர். ஆயினும் அவ்வில்லத்தில் வழங்கப்பட்ட பட்டங்களில் அவருடைய பள்ளி கற்பித்த பாடத்திற்கு இடமில்லை.

சிஷோமுக்குப் பின் 1884இல் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெல், தென்னாட்டுக் கைவினைகளைக் கண்டறிந்த அனுபவத்தோடு பின்னர்க் கல்கத்தா சென்றார். இந்தியச் சிற்பமும் ஓவியமும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1908இல் வெளிவந்தது. சென்னையில் கிடைத்த பயிற்சி வேறோரிடத்தில் நூலானது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வகை இடப்பெயர்ச்சி இக்கதையில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆனந்த குமாரசாமியின் சிவ நடனம் பற்றிய கட்டுரை முதலில் 1912இல் சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' இதழில் வெளியானது. உலகம் அதனை அறிந்ததோ 1918இல் நியூயார்க்கில் வந்த நூல்வழி. எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரின் ஒளிப்படங்களைப் பார்த்துப் பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் எழுதிய குறிப்பு 1921இல் பாரிஸில் அச்சாயிற்று. இவற்றுக்குரிய பொருள் இங்கேயே இருந்தது. அதைப் பற்றிய பேச்சுதான் வெளியே சென்றது.

பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை கலையைப் புறக்கணித்தது என்று கூறிவிட முடியாது. 1929 முதல் 1947 வரை பேராசிரியராக இருந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் கலைக்கு ஓர் இயல் உண்டு. ஆனால் அந்த இயல் நூலின் இறுதிப் பகுதியில் வருகிறது. அரசர் வரிசை, போர், ஆட்சிமுறை, வரி, நிலம், சமயம், இலக்கியம் ஆகியவற்றைக் கடந்தபின் வாசகர் கலையை அடைகிறார். இந்த அடுக்குமுறை பின்வந்த பாடத்திட்டங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. இன்றும் பல பல்கலைக்கழகங்களின் இளங்கலை வரலாற்றுப் பாடத்தில் கலையும் கட்டடமும் ஒரு தாள் அல்லது ஓர் அலகு என்ற அளவிலேயே நிற்கின்றன. கோயில் அங்கு அரசனுக்குச் சான்றாகிறதே ஒழிய, அரசன் கோயிலுக்குச் சான்றாவதில்லை.

பொருளை நெருங்கி நின்று பார்த்தவர்கள் அருங்காட்சியகத்தார். எஃப். எச். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932இல் வெளியிட்ட தென்னிந்திய உலோகப் படிமங்களின் விளக்கப்பட்டியலும், சி. சிவராமமூர்த்தி 1942இல் வெளியிட்ட அமராவதிச் சிற்பங்கள் பற்றிய நூலும் இன்றளவும் ஆய்வாளர் மேசையில் இருப்பவை. கிரேவ்லி அடிப்படையில் ஓர் உயிரியலாளர். உயிரினங்களை வகைப்படுத்திய கண் படிமங்களையும் வகைப்படுத்தியது. பட்டியலின் கறார்த்தன்மையில் அது தெரிகிறது. இவ்வறிஞர்களுக்கு வகுப்பறை இல்லை, மாணவர்களும் இல்லை. அவர்களுடைய நூல்கள் அருங்காட்சியக வெளியீட்டு வரிசையில் வந்து நூலகங்களில் தங்கின.

பிற இடங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1921இல் இந்திய நுண்கலைக்கென வாகேசுவரி பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்தி அவனீந்திரநாத் தாகூரை அமர்த்தியது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அங்கே கற்பித்தார். பரோடாவில் 1950இல் தொடங்கப்பட்ட நுண்கலைப் புலம் செய்முறையையும் கலை வரலாற்றையும் சேர்த்தே வைத்தது. இலண்டனில் கோர்ட்டால்ட் நிறுவனம் தோன்றியதே 1932இல்தான் என்பதை நினைத்தால், கல்கத்தாவின் முன்னோடித்தன்மை புலப்படும். சென்னையில் இவற்றுக்கு இணையான ஒன்று ஏன் அக்காலத்தில் எழவில்லை? பணமில்லை, ஆளில்லை என்ற விடை போதாது. அதே ஆண்டுகளில் வேறொரு கலைக்குச் சென்னையில் பணமும் ஆளும் கிடைத்தன.

முத்தமிழும் காட்சிக் கலைகளும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932இல் இந்திய இசைத் துறை தொடங்கப்பட்டது. அடையாற்றில் 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவை நிறுவினார். தமிழிசைச் சங்கம் 1943இல் தோன்றியது. 1949இல் அரசு கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கியது. 1956 முதல் அது அடையாற்றங்கரையிலுள்ள பிராடி மாளிகையில் இயங்கிவருகிறது. பதினேழு ஆண்டுகளுக்குள் இசைக்கும் நடனத்திற்கும் தென்சென்னையிலும் அதனைச் சூழ்ந்தும் இத்தனை நிறுவனங்கள் எழுந்தன. சிற்பத்தையும் ஓவியத்தையும் கட்டடத்தையும் வரலாறாகக் கற்பிக்க ஒன்றுகூட எழவில்லை.

இதற்கு இரசிகர் சபைகளின் செல்வாக்கு ஒரு காரணம். கச்சேரி கேட்கும் பழக்கம் மயிலாப்பூர், தியாகராய நகர்க் குடும்பங்களில் வேரூன்றியிருந்தது. பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், பாட்டுக் கற்பது இயல்பாயிருந்தது. எனினும் ஆழமான காரணம் தமிழ்ப் புலமையின் வகைப்பாட்டில் உள்ளது. இயல், இசை, நாடகம் என மூன்றாகத் தமிழைப் பகுத்த மரபு இசைக்கும் கூத்துக்கும் மொழியோடு பிறப்புரிமை வழங்கியது. சிலப்பதிகாரம் பதிப்பிக்கப்பட்டபின் அரங்கேற்று காதை இசை ஆய்வுக்கும் நாடக ஆய்வுக்கும் அடித்தளமாயிற்று. ஆபிரகாம் பண்டிதரும் விபுலாநந்த அடிகளும் தமிழின் பெயரால் இசையைப் பற்றிப் பெருநூல்கள் எழுத முடிந்தது. தமிழிசை இயக்கம் மக்கள் இயக்கமாக வளர முடிந்தது.

சிற்பத்திற்கு அத்தகைய உரிமை கிடைக்கவில்லை. கல் தமிழ் பேசாது என்பதாலோ, சிற்பநூல்கள் வடமொழியில் இருந்ததாலோ, கோயில் சைவ வைணவச் சமயப் புலமைக்கு உரியதெனக் கருதப்பட்டதாலோ, காட்சிக் கலைகள் முத்தமிழுக்கு வெளியே நின்றன. இத்தனைக்கும் சான்றுகள் குறைவில்லை. சங்க நூல்களில் ஓவம், ஓவியர் என்னும் சொற்கள் பயில்கின்றன. சுதையால் உருவம் சமைப்போரைக் காப்பியங்கள் மண்ணீட்டாளர் என்று சுட்டுகின்றன. ஆனால் இச்சொற்கள் உரையாசிரியர் விளக்கத்தோடு நின்றன. தமிழ்த் துறை மாணவர் மண்ணீட்டாளர் என்பதற்குப் பொருள் எழுதுவார். கபாலீசுவரர் கோபுரத்தில் சுதை வேலை செய்பவரே அவர் என்று எண்ணிப் பார்ப்பதற்குத் தேர்வில் வினா இல்லை.

மயிலாப்பூரிலிருந்து ஒரு நூல்

இந்த எல்லையைத் தாண்டியவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். மயிலாப்பூரைச் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர். மயிலை சீனி. வேங்கடசாமி (1900–1980) இளமையில் எழும்பூர்க் கலைப்பள்ளியில் ஓவியம் கற்கச் சேர்ந்து, குடும்பச் சூழலால் அப்படிப்பைத் தொடர இயலாமல் ஆசிரியப் பணிக்குச் சென்றார். பௌத்தமும் சமணமும் தமிழுக்கு ஆற்றியவற்றை ஆராய்ந்தவர் என்றே அவரைப் பலர் அறிவர். அவருடைய 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' 1956இல் வெளிவந்தது.

அந்நூலின் வகைப்பாடே அதன் முதன்மையான பங்களிப்பு என்று கருதலாம். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, காவியம் எனக் கலைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். முத்தமிழில் தொடங்காமல் கட்டடத்தில் தொடங்குகிறார். இலக்கியம் வரிசையின் கடைசியில் வருகிறது; அதுவும் கலைகளுள் ஒன்றாகவே வருகிறது. தமிழ்ப் புலவர் ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு அடுக்கியது சிறிய செயலன்று. கண்ணால் காணும் கலைகளை முன்வைத்ததன் மூலம், காட்சிக் கலை தமிழர் வரலாற்றின் முகப்பிலேயே நிற்கத் தக்கது என்று அவர் வாதிடாமலேயே நிறுவிவிட்டார்.

முன்னதாக 1948இல் சிவபெருமானின் எழுவகைத் தாண்டவங்களைப் பற்றியும், 1955இல் மகேந்திரவர்மனைப் பற்றியும் அவர் நூல்கள் எழுதினார். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் அமைத்ததை அறிவிக்கும் மண்டகப்பட்டுக் கல்வெட்டும், சித்திரகாரப்புலி என்னும் விருதுப்பெயரும் மகேந்திரனைக் கலை வரலாற்றுக்குரிய தலைமகனாக்குகின்றன. அரசன் வரலாற்றைக் கலைவழி எழுதும் முறை, மேலே சுட்டிய பல்கலைக்கழக மரபுக்கு நேர்மாறானது. வேங்கடசாமியின் காலக்கணிப்புகளில் சில பின்னைய ஆய்வுகளால் திருத்தம் பெறக்கூடும். அவருடைய நூலில் படங்களைவிட இலக்கிய மேற்கோள்களே மிகுதி என்பதும் உண்மை. பொருளைச் சுற்றிவந்து பார்க்கும் பயிற்சியை அந்நூல் மட்டும் தந்துவிடாது. ஆயினும் தமிழில் இளங்கலை மாணவருக்குக் கலை வரலாற்று அறிமுகம் எதுவென்று கேட்டால், எழுபது ஆண்டுகளாகியும் முதலில் நினைவுக்கு வருவது இந்நூலே. இது நூலின் பெருமை மட்டுமன்று, துறையின் வறுமையும்கூட.

பார்க்கும் பயிற்சியைத் தமிழருக்குப் பெரிய அளவில் தந்தது வார இதழ் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எழும்பூர்ப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்ற சில்பி, 'ஆனந்த விகட'னில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடரில் கோயில் சிற்பங்களைக் கோட்டோவியங்களாக ஆண்டுக்கணக்கில் வரைந்தார். ஒளிப்படம் மறைக்கும் மடிப்பையும் அணியையும் கோடு தெளிவாக்கியது. சந்தா கட்டிய குடும்பங்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்துத் தைத்து வைத்தன.

கதீட்ரல் சாலை வகுப்பறை

ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை மரியின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபையினர் 1947 ஆகஸ்டு 15 அன்று சாந்தோமில் தொடங்கினர். அப்போது மாணவியர் 32 பேர். 1960இல் கல்லூரி கதீட்ரல் சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1987இல் தன்னாட்சி பெற்றது. அதன் நுண்கலைத் துறை வரைதல், வண்ணம் தீட்டுதல் ஆகிய செய்முறைகளோடு இந்தியக் கலை வரலாற்றையும் மேலைக் கலை வரலாற்றையும் இணைத்துக் கற்பித்தது. முதுகலையிலும் ஆய்வுப் பட்டங்களிலும் கலை வரலாறு முதன்மை பெற்றது. எழும்பூர்ப் பள்ளியும் பல்கலைக்கழகமும் நூறாண்டுகளாகப் பிரித்து வைத்திருந்த கையும் நூலும் இங்கே ஒரு மாணவியின் கால அட்டவணையில் சந்தித்தன. இச்சாதனையின் அளவு போதிய அளவு பேசப்படவில்லை.

அதன் பயன் கண்கூடு. 1957 முதல் 1967 வரை எழும்பூர்க் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரைச் சுற்றி உருவான சென்னைக் கலை இயக்கமும், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்த சோழமண்டலமும் தமக்கான வரலாற்றாசிரியர் இன்றி நெடுநாள் இருந்தன. ஓவியர்களே தம் இதழ்களில் எழுதினர். பொருளியல் பேராசிரியரான ஜோசப் ஜேம்ஸ் திறனாய்வாளராகி அந்த இடத்தை நிரப்பினார். கலை வரலாற்றைத் துறையாகப் பயின்றோர் அவ்வியக்கத்தை ஆராயத் தொடங்கியபின் நிலை மாறியது; ஸ்டெல்லா மாரிஸ் நுண்கலைத் துறைக்குத் தலைமையேற்றிருந்த அஷ்ரஃபி பகத்தின் எழுத்துகள் இதில் குறிப்பிடத்தக்கவை. வட்டாரத் தன்மை, அடையாளம் என்னும் கருத்தாக்கங்களின் வழியே பணிக்கரையும் அவருடைய மாணவர்களையும் அவை வாசித்தன.

ஆனால் இவையனைத்தும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் வரிசை ஓவியங்களில் எழுத்துருக்கள் நிரம்பியிருக்க, அவற்றைப் பற்றிய தமிழ் உரைநடை சிற்றிதழ்களின் சில பக்கங்களில் மட்டுமே வாழ்ந்தது. ஆதிமூலத்தின் கோடுகள் தமிழ் நூல்களின் அட்டைகளில் இடம்பெற்றன. கோடுகளைப் பற்றிய கல்வி அந்நூல்களைப் படித்தோருக்கு எட்டவில்லை. ஓவியர் ராமானுஜத்தின் வாழ்வைத் தமிழில் விரிவாகப் பேச ஒரு நாவல் தேவைப்பட்டது, சி. மோகன் அதனை எழுதினார். ஆய்வேடு செய்ய வேண்டியதை நாவல் செய்தது.

ஆங்கில வழி என்பது கல்லூரியின் குறையாகச் சொல்லத்தக்கதன்று. துறையின் நூல்கள், படத்தொகுப்புகள், ஆய்விதழ்கள் எல்லாம் அம்மொழியில் உள்ளன. பெண்கள் கல்லூரி ஒன்று இத்துறையைச் சுமந்தமைக்கும் ஒரு விளக்கம் தேவை. வேலைவாய்ப்பு உறுதியற்ற பாடத்தை ஆண்பிள்ளைகளுக்குக் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பெண்ணின் கல்வியை வருவாயோடு உடனே பொருத்திப் பார்க்காத வசதியுள்ள இல்லங்களே முதலில் இப்பாடத்திற்கு மாணவியரை அனுப்பியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. அவ்வகையில் ஒரு சமூகத் தடையின் மறுபக்கமே இத்துறைக்கு வாய்ப்பானது. அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் இளங்கலை படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இப்பாடம் ஒரு தெரிவாகவே முன்வைக்கப்படவில்லை.

சொற்கள் எங்கே இருக்கின்றன

தமிழில் கலைச்சொல் இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இது ஆராயத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளைப் பதிவுசெய்யும் முறையைக் காண்போம். படிமம் கனமாகச் செய்யப்பட்டதா, பொள்ளலாகச் செய்யப்பட்டதா என்று அவை குறிக்கின்றன. பாதாதிகேசாந்தம் எத்தனை முழம், எத்தனை விரல் என்று உயரம் சொல்கின்றன. கைகளின் எண்ணிக்கை, பீடம், பிரபை, உடனிருக்கும் உருவங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயில் கணக்கர் எழுதிய இப்பதிவு, இன்றைய அருங்காட்சியக விளக்கப்பட்டியலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. உட்கூடு உள்ளதா, கெட்டியானதா என்னும் வேறுபாட்டை இரண்டே சொற்களில் உணர்த்தும் தமிழ் இருந்தும், மாணவர் அதனை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துத் தேடுகிறார்.

கட்டட உறுப்புகளிலும் இதே நிலை. பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், பொதிகையின் வடிவ மாற்றத்தைக் கொண்டு கோயில்களின் காலத்தை வரிசைப்படுத்தினார். பல்லவர் காலத்து வளைந்த அலைப் பொதிகை, சோழர் காலத்தில் நடுவே முனை நீட்டிய வெட்டுப் பொதிகையாகி, விசயநகரக் காலத்தில் கீழ்நோக்கித் தொங்கும் பூமுனையாக மலர்ந்ததை அவர் காட்டினார். உறுப்புகளின் பெயர்களையும் வளர்ச்சி முறையையும் அறிய அவர் நாடியது திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த சிற்பிகளை. தமிழ்க் கைவினைஞர் வாய்மொழியிலிருந்து பிரெஞ்சில் ஒரு முறையியல் பிறந்தது. பின் அது ஆங்கிலத்திற்குச் சென்றது. ஆங்கிலத்திலிருந்து தமிழ் மாணவரிடம் திரும்பி வருகிறது. வரும் வழியில் பொதிகை என்ற பெயரே உதிர்ந்துவிடுகிறது.

தாங்குதளத்தின் உறுப்புகளான உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்பன தபதியர் நாவில் இன்றும் வழங்குபவை. மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் இவை அன்றாடச் சொற்கள். அங்கே செய்யக் கற்கும் மாணவரும், நகரத்தில் வரலாறு கற்கும் மாணவரும் ஒரே உறுப்பை இருவேறு மொழிகளில் அழைக்கின்றனர். இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எவருமில்லை. தாங்குதளம், கூரையுறுப்பு எனச் சீரான தமிழ் விளக்கமுறையை வளர்த்துக் கோயில்களை உறுப்பு உறுப்பாக விவரித்தவர்களுள் முதன்மையானவர் இரா. கலைக்கோவன். டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தின் வழி அவரும் அவருடைய குழுவினரும் 'வரலாறு' ஆய்விதழில் எழுதிய கட்டுரைகள் இளங்கலைப் பாடநூலாகவே வைக்கத்தக்கவை. கலைக்கோவன் தொழிலால் திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவர். தொடக்கப்பள்ளி ஆசிரியர், உயிரியலாளர், பொருளியல் பேராசிரியர், கண் மருத்துவர் எனத் தமிழகக் கலை வரலாறு பிற தொழில் செய்வோரின் ஓய்வு நேரத்தில் எழுதப்பட்டுவந்துள்ளது.

சென்னையிலும் இந்த ஆர்வம் கல்லூரிக்கு வெளியேதான் செழிக்கிறது. தியாகராய நகர் தக்கர் பாபா வித்யாலயத்தில் தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை நடத்திய கூட்டங்களில் மாமல்லபுரம் பற்றியும் அசந்தா பற்றியும் கேட்க வந்தவர்களில் பொறியாளர்களும் வங்கி அலுவலர்களும் ஓய்வுபெற்றோரும் இருந்தனர். இளமையில் கிடைக்காத பாடத்தைப் பின்னாளில் தேடிக் கற்கும் கூட்டம் அது.

படிமத்தை அடையாளம் காணல்

இத்துறைக் கல்வி அழகியல் இன்பத்தோடு முடிவதன்று. 1976இல் திருவாரூர்ப் பகுதியிலுள்ள பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் படிமம் கைமாறி இலண்டன் சென்றது. அது பத்தூர்க் கோயிலுக்கே உரியது என்று நிறுவ அங்குள்ள நீதிமன்றத்தில் நீண்ட வழக்கு நடந்தது. தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநரான இரா. நாகசாமி சாட்சியமளித்தார். அதே இடத்தில் கிடைத்த பிற படிமங்களோடு நடைக்கூறுகளை ஒப்பிடுவது வழக்கின் மையமாயிற்று. முகவெட்டு, ஆடை மடிப்பு, அணி, பீடத்தின் அமைப்பு ஆகியவற்றைச் சொல்லால் நிறுவ வேண்டியிருந்தது. 1991இல் படிமம் தாயகம் திரும்பியது.

ஸ்ரீபுரந்தான் நடராசர் வழக்கில் நடந்தது வேறு. திருடப்பட்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் 2008இல் வாங்கப்பட்ட அப்படிமம் 2014இல் திருப்பித் தரப்பட்டது. அது கோயிலில் இருந்ததற்கு உறுதியான சான்று, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் எடுத்து வைத்திருந்த ஒளிப்படம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்யாதிருந்தால் உரிமைகோரல் எதன்மேல் நின்றிருக்கும் என்ற கேள்வி எழுகிறது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கோயிலின் படிமங்களை அளந்து, கனமா பொள்ளலா எனப் பார்த்து, தமிழில் விவரித்துப் பதியத் தெரிந்த ஒரு பட்டதாரியாவது இருந்திருக்கலாம். இராசராசன் காலத்துக் கணக்கர் செய்த வேலைதான் அது.

பட்டதாரிக்குப் பணியிடம் எங்கே என்பது அடுத்த தடை. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் கலை வரலாறு தனிப் பாடமன்று. 79ஆம் எண்ணுடைய காட்சிக் கலைப் பாடத்தில் ஓவியம், சிற்பம், பதிப்போவியம், பயன்பாட்டுக் கலை ஆகியவற்றோடு அடைப்புக்குறிக்குள் அடங்கியுள்ளது. வரலாற்றுத் துறையில் கற்பிக்க வரலாற்று முதுகலை வேண்டும். தமிழ்த் துறையில் கற்பிக்கத் தமிழ் முதுகலை வேண்டும். கலை வரலாறு படித்தவர் கலை வரலாறு கற்பிக்கும் மிகச் சில துறைகளையே நாட வேண்டியுள்ளது. அத்துறைகள் பெருகாதவரை படிப்போரும் பெருகுவதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றி, எழும்பூர், கும்பகோணம், மாமல்லபுரம் கல்லூரிகளையும் இசைக் கல்லூரிகளையும் தன்கீழ்க் கொண்டுள்ள மாநில இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இராசா அண்ணாமலைபுரத்தில் உள்ளது. செய்முறைக் கல்லூரிகளைத் தன்னிடம் வைத்திருக்கும் அப்பல்கலைக்கழகமே தமிழ் வழிக் கலை வரலாற்று இளங்கலைக்கு இயல்பான இடம். இசைக்கு 1932இல் கிடைத்த துறைத் தகுதியைக் காட்சிக் கலை வரலாற்றுக்கு வழங்க அதனால் முடியும்.

அவ்வாறு ஒரு பாடத்திட்டம் வகுக்கப்படுமாயின் கபாலீசுவரர் கோபுரத்திற்கு அதில் என்ன இடம் என்பதையும் எண்ண வேண்டும். பழைய கோயில் கடற்கரையை ஒட்டியிருந்து அழிந்ததென்றும், இன்றைய கோயில் பின்னர் எழுந்ததென்றும் அறிஞர் கூறுவர். சாந்தோம் பகுதியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதற்குச் சான்று. கோபுரமோ 1906இல் கட்டப்பட்டது. பல்லவர், சோழர், பாண்டியர், விசயநகரர், நாயக்கர் என நகரும் வம்ச வரிசையில் 1906 எங்கும் பொருந்தாது. அதன் சுதையுருவங்களைச் செய்தவர்கள் கம்பன் காலத்தவரும் அல்லர், கலைப்பள்ளிப் பட்டயக்காரரும் அல்லர். குடமுழுக்குதோறும் வண்ணம் மாறும் அவ்வுருவங்களுக்கு எந்த ஆண்டைக் காலமாகக் குறிப்பது, எவரை ஆக்கியோராகக் குறிப்பது என்பவை முதலாமாண்டு வகுப்பில், குளக்கரையில் நின்றபடியே கேட்கத்தக்க வினாக்கள்.